எமிலின் பம்பு

சுவிட்சர்லாந்தின் சோலோதுர்ன் நகரில் புண்ணியமூர்த்தியின் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தவர் ரோசா என்ற முதிய சுவிஸ்காரி. கணவர் எமில் இறந்த பிறகு, நிலவறையில் கிடந்த அவருடைய பழைய சைக்கிளைப் புண்ணியமூர்த்தியிடம் கொடுத்தார். அதன் பாரில் ஒரு கறுப்புப் பம்பும் மாட்டியிருந்தது. எவ்வளவு முக்கியும் காற்று வரவில்லை. சும்மா வந்ததற்குக் குறை சொல்வானேன் என்று விட்டுவிட்டார்.

ஆயுத பூசை வந்தது. சைக்கிளைக் கழுவி வரவேற்பறையிலேயே நிறுத்தினார்கள். அவர் மனைவி மனோகரி, பம்பைத் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனம் பூசிக் குங்குமமும் இட்டாள்.

"வேலை செய்யாத பம்புக்கு என்னத்துக்குப் பூசை?"

"நீங்களும்தான் வீட்டில ஒரு வேலையும் செய்யிறேல்ல. சாப்பாடு போடேல்லையோ?"

அவல் கடலை சாப்பிட வந்த ரோசா, பம்பைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்தார். சைக்கிள் சீட்டின் கீழே தொங்கிய தோல்பையிலிருந்து ரப்பர் கைப்பிடி ஒன்றை எடுத்துப் பம்பின் அடியில் செருகினார். 'டக்' என்றது. பம்பு கைத்துப்பாக்கியாகிவிட்டது.

புண்ணியமூர்த்தி ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டார். மட்டக்களப்பில் வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த மனிதர் அவர். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் கையில் இந்த நாட்டில் ஆயுதம் இருக்கவே கூடாது. அடுத்த கிழமை குடியுரிமைக்கான நேர்முகம் வேறு. இத்தனை வருடக் காத்திருப்பும் ஒரு பம்பினால் பாழாய்ப் போகப் பார்த்தது.

"குண்டு இல்லை, பயப்படாதீர்கள். குண்டு போட்டுச் சுட்டாலும் இதன் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்காது" என்றார் ரோசா. "இரண்டாம் உலகப் போரின்போது ரகசிய வேலைக்கென்று ஆங்கிலேயர் எமிலுக்குக் கொடுத்தது. எல்லை தாண்டிப் போய்விடுவார். உயிரோடு திரும்பினால் என் சன்னலடியில் ஒரேயொரு மணி. 'ஏன் இவ்வளவு நேரம்?' என்று திட்டுவேன்." சைக்கிள் மணியைத் தடவினார். கண் நிறைந்துவிட்டது. "போர் முடிந்ததும் இதை ஆற்றில் எறிந்துவிட்டேன் என்றார், கள்ளன்!"

அவருடைய ஞாபகமாக நீங்களே வைத்திருங்கள் என்று சொல்லப் புண்ணியமூர்த்திக்கு ஆசைதான். பயம் வாயைக் கட்டியது.

ரோசாவே சொன்னார்: "இது என் வீட்டுச் சாமான். பொலிசில் நானே கொடுக்கிறேன். உங்கள் பெயர் வராது."

மனோகரி அவசரமாகச் சந்தனத்தைத் துடைக்கப் போனாள். ரோசா தடுத்தார். "இருக்கட்டும். எமிலுக்கு இவ்வளவு மரியாதை யாரும் செய்ததில்லை."

கைப்பைக்குள் அதைச் சுற்றி வைத்துக்கொண்டு தனியே போனார். திரும்பி வந்தபோது கைப்பை தொய்ந்து கிடந்தது. தனக்காக ஒரு கிழவி தன் புருசனின் நினைவைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று புண்ணியமூர்த்திக்கு அன்று சோறு இறங்கவில்லை.

குடியுரிமை கிடைக்க அடுத்த வசந்தமாகிவிட்டது. நகர மண்டபத்தில் சேதி கேட்டவர் மனோகரிக்குக்கூடத் தொலைபேசி எடுக்கவில்லை. எமிலின் சைக்கிளை மிதித்து வந்து, மேல்மாடிச் சன்னலுக்குக் கீழே நின்று, ஒரேயொரு மணி அடித்தார்.

சன்னல் திறந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் ரோசா.