நூரிஸ் திட்டாத நாள்

போக்கா மான்சா ஊரின் பெலிக்கன் பேஸ்பால் அணிக்கு ஆடிய வில்கின் துவார்த்தே முதன்முதலாகத் தரையைவிட்டு எழும்பியது ஒரு நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை பிற்பகலில். எழும்பிய உயரம் நான்கு விரற்கடை. அதே வாரம் வாழைக்காய் விலையும் ஏறியிருந்ததால் ஊர்ப்பேச்சு இரண்டுக்குமாகப் பங்கு போனது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நின்று, சீறி வரும் பந்தைத் தடுத்து எறிவது அவன் வேலை. அன்று அவன் தடுத்த ஒரு பந்துக்காக வானொலி அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் பதினோரு நிமிடம் புகழ்ந்தார். மைதானத்தில் பாதிப் பேர் காதில் வானொலிப் பெட்டி இருந்தது. பதினோராவது நிமிடத்தில் பையனின் காலணிக்கும் புல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

புகழ்ந்தால் மிதக்கிறான் என்பது இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. தலைக்கு மேலே போகும் பந்துகளை அவன் அலட்டாமல் பறித்துக்கொண்டிருந்தவரை யாரும் குறை சொல்லவில்லை. டிசம்பரில்தான் வினை வந்தது. எருதுகள் அணியுடன் நடந்த ஆட்டத்தில், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் இரண்டாம் தளத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றான். தளத்தை மிதித்தால்தான் ஓடி வருபவன் அவுட். நடுவர் குப்புறப் படுத்து, தளத்துக்கும் காலணிக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்து, அவுட் இல்லை என்று சொல்லிவிட்டார். ஆட்டம் கைவிட்டுப் போனது. பயிற்சியாளர் மீனவர்களிடம் ஈயக்குண்டு வாங்கி அவன் காலுறைக்குள் போட்டுப் பார்த்தார். மிதப்பது நிற்கவில்லை, ஓட்டம்தான் நின்றது. வடக்கே அமெரிக்காவின் பெரிய அணி ஒன்றுக்கு ஆள் பொறுக்க வந்தவர், கடைசி ஆட்டத்தன்று வருவதாகவும், அன்று பையன் தரையில் நின்றால் ஒப்பந்தம், இல்லையென்றால் அடுத்த ஊருக்குப் போய்விடுவதாகவும் சொல்லிவிட்டார்.

இந்தச் சிக்கலுக்கு மருந்து கண்டவள் நூரிஸ் பெரால்த்தா, ஊரார் மரியாதையாகக் கூப்பிடுவது டோன்யா நூரிஸ். கடைவீதியில் தலைமேல் கவிழ்க்கும் மூன்று பெரிய தலைமுடி உலர்த்தி போட்ட அழகு நிலையம் வைத்திருந்தாள். அந்த இரைச்சலுக்கு மேலே பதினாலு வருடம் பேசியதில் அவள் குரல் மைதானத்தின் மறுகோடிவரை போகும். பெலிக்கன் அணியின் ஒவ்வொரு விடலையைப் பற்றியும் அவளிடம் தீர்ப்பு இருந்தது. இடதுகைப் பந்துவீச்சாளனுக்குக் கை தங்கம், நெஞ்சு கோழிக்குஞ்சு. தடியன் யோவானி பசித்தவன் சோற்றைக் கண்டதுபோல முதல் பந்துக்கே மட்டையைச் சுழற்றிவிடுவான். நல்லதைக் கடையில் சொல்வாள், மைதானத்தில் வசவு மட்டும்தான். மூன்று பருவம் முடியாத பயலை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் உருப்பட மாட்டான் என்பது அவள் கட்சி. ஒருநாள் வில்கின் அரையடி உயரத்தில் மிதந்துகொண்டிருந்தபோது அவள் எழுந்தாள்.

"ஏய் வில்கின்! ரெண்டு காலையும் வாடகைக்கா எடுத்துட்டு வந்த? ஓடேன்டா! உங்கம்மா கூட்டுற விளக்குமாறு உன்னவிட நல்லா பந்தைத் தடுக்கும்!"

பையன் தொப்பென்று புல்லில் இறங்கினான். அன்றுமுதல் அணி நிர்வாகம் அவளுக்கு இலவச இருக்கை கொடுத்தது. ஒலிபெருக்கியும் கொடுத்தார்கள், என் தொண்டையைக் கேவலப்படுத்துகிறீர்களா என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஆட்டத்துக்கு இருபது வசவு என்று கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் பார்த்த பையன்களிலேயே இவன்தான் சிறந்தவன், இவனைத்தான் வாய் ஓயாமல் திட்ட வேண்டியிருக்கிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

கடைசி ஆட்டத்தன்று காலை வில்கினின் தாய் மினெர்வா முடிக்குச் சுருள் வைக்க வந்து, உலர்த்திக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் தலையை விட்டவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அந்தத் தைரியத்தில் நூரிஸ் பக்கத்து நாற்காலிக்காரியிடம் உரக்கச் சொன்னாள்.

"நான் திட்டுறதெல்லாம் சும்மா வாய்தான்டி. இந்த மண்ணுல இப்படி ஒரு கை பொறந்ததே இல்ல. அந்த வில்கின் பந்தைத் தொட்டா எனக்கு அழுகையே வந்துருது!"

முதல் வாக்கியம் முடிந்தபோது மின்சாரம் போய் உலர்த்திகள் நின்றன. அந்த ஊரில் மின்சாரம் தினமும் போவதுதான். பதினாலு வருடத்தில் அவள் ஒருமுறையும் பேச்சின் நடுவே மாட்டியதில்லை. மற்ற இரண்டு வாக்கியமும் அமைதியான கடையில் கணீரென்று விழுந்தன. மினெர்வா சுருள்களோடு தெருவில் இறங்கி ஓடினாள், மகனிடம் சொல்ல.

அன்று பிற்பகல் நூரிஸ் முதல் வசவை எறிந்தாள். வில்கின் அவள் இருந்த பக்கம் திரும்பித் தொப்பியை ஆட்டிச் சிரித்தான். நான்கு விரற்கடை ஏறினான். கண்ணை எங்கேடா அடகு வைத்தாய் என்றாள். ஒரு சாண் ஏறினான். எட்டாவது இன்னிங்ஸில் அவன் முழங்கால் உயரத்தில் நின்றான். ஆள் பொறுக்க வந்தவர் நோட்டை மூடிப் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். அப்போதுதான் நூரிஸுக்கு உறைத்தது. இனி அவள் எதைச் சொன்னாலும் அவன் காதில் அது அன்பாகத்தான் விழும்.

அவள் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டாள். ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ், பெலிக்கன்கள் ஒரு ஓட்டம் முன்னே, இன்னும் ஒருவனை அவுட்டாக்கினால் கோப்பை.

"டோன்யா நூரிஸ், திட்டும்மா! நாலு வார்த்தை திட்டித் தொலையேன்!" என்று பின்வரிசைக்காரர்கள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் காலணியையே பார்த்தபடி இருந்தாள். அவள் மைதானத்துக்கு வரத் தொடங்கியதிலிருந்து அவள் சத்தம் ஓய்ந்தது அதுவே முதல்முறை. வில்கின் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். மயங்கிவிட்டாளா, கோபமா, தான் என்ன பிழை செய்தோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. நெஞ்சில் கவலை ஏற ஏற அவன் இறங்கினான். பந்து வந்தபோது காலணி புல்லில் அழுந்தியிருந்தது. எடுத்தான், ஓடினான், தளத்தைப் புழுதி பறக்க மிதித்தான். நடுவர் படுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவன் கோப்பையைக்கூடத் தொடாமல் வேலியேறி வந்தான். "டோன்யா, உடம்புக்கு என்ன?"

"தொண்டை கட்டிக்கிச்சு. என்னை என்ன பார்வை? போய்க் கையெழுத்துப் போடு, போ."

அடுத்த ஏழு வருடம் அவன் வடக்கே ஆடினான். பருவம் நடக்கும் ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அழகு நிலையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிடுவான். நூரிஸ் எடுக்க மாட்டாள், மற்றவர்களையும் தொட விட மாட்டாள். அது அடித்து ஓயும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். சில நாள் கண் கலங்கியிருக்கும். பதில் கிடைக்காத வில்கின் அந்தக் கவலையில் வாரம் முழுவதும் இரண்டு காலும் தரையில் ஊன்றி ஆடினான். அந்த ஏழு வருடமும் பத்திரிகைகள் அவனை என்னென்னவோ புகழ்ந்தன. ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை.

அக்டோபரில் ஊருக்கு வருவான். நேரே கடைக்கு வந்து நாற்காலியில் உட்காருவான். நூரிஸ் கதவைச் சாத்திவிட்டு, ஏப்ரல் முதல் அடக்கி வைத்ததையெல்லாம் ஒவ்வொரு பந்தாகச் சொல்லத் தொடங்குவாள். "மே மாசம் அந்த மழைநாள் ஆட்டத்துல வெறுங்கையால எடுத்தியே, அதை டிவியில பார்த்துட்டு நான் ரெண்டு நாள் கடையே திறக்கலடா, ராசா." சொல்லி முடிப்பதற்குள் அவன் தலை கூரையில் இடிக்கும்.

"மேலதானே இருக்க," என்று அவள் ஒரு பழந்துணியை எடுத்து நீட்டுவாள், "அந்த ஃபேன் றெக்கையத் துடைச்சுக்கிட்டே கேளு." உலர்த்திகளுக்கு அடியில் இருந்த பெண்கள் ஈரத்தலையில் தூசி விழாதபடி நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.