தொடாத போணி

என் வீட்டுக்காரர் கண்ணுசாமிக்கு இரண்டு பிடிவாதங்கள். போணிக்கு வந்த ஆளை எக்காரணத்தைக் கொண்டும் திருப்பி அனுப்ப மாட்டார். எங்கள் மகள் இனியாவின் பெயரை வாய் திறந்து சொல்ல மாட்டார். முதல் பிடிவாதத்தை வைத்து இரண்டாவதை உடைத்துவிடலாம் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுக் கடை. காலையில் கடை திறந்ததும் முதலில் வருகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு லட்சுமி என்று பெயர். ஒருமுறை குடித்துவிட்டுத் தள்ளாடி வந்த ஆள் ஒருவன் கொலுசுத் திருகு ஒன்று கேட்டான், அதையும் பாதி விலைக்குக் கேட்டான். சிரித்துக்கொண்டே கொடுத்தார். இன்னொரு முறை, இடத் தகராறில் எங்களைக் கோர்ட்டுக்கு இழுத்த பங்காளியே தெரியாத்தனமாக முதல் ஆளாக வந்து நின்றான். கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வியாபாரம் முடித்து அனுப்பினார். அந்த ஆள் போன பிறகு, "போணி போணிதாம் வசந்தா, அதுல ஆளப் பாக்கக் கூடாது" என்றார். என் பெயர் வசந்தாமணி. அவருக்கு மனம் நன்றாக இருக்கும்போது வசந்தா.

இனியா அஸ்தம்பட்டி லாசர் வீட்டுப் பையன் ஜோஸ்வாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர்கள் கத்தோலிக்கர்கள். பையன் நர்சு வேலைக்கு அயர்லாந்து போக, இவளும் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கத்தவில்லை, யாரையும் அடிக்கப் போகவில்லை. கத்தியிருந்தால் ஒரு மாதத்தில் அடங்கியிருக்கும். அவர் பேசாமல் இருந்துவிட்டார். நான் அவளோடு போனில் பேசுவது அவருக்குத் தெரியும். போன் அடித்தால் எழுந்து போய்க் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு நிற்பார். எத்தனை முறைதான் ஒரு மனிதர் காலைக் கழுவுவார்! பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழ்.

அவளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. முதல் கொலுசு அம்மா வீட்டிலிருந்துதான் போக வேண்டும். ஊருக்கெல்லாம் கொலுசு விற்கிறவரின் பேத்தி வெறுங்காலோடு சுவரைப் பிடித்து நிற்கப் பழகுகிறாள் என்று வீடியோவில் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. இவருக்குத் தெரியாமல் ஒரு ஜோடியைச் சம்பந்தியம்மா சகாயம்மாள் மூலமாக அனுப்பிவிடுகிறேன் என்றேன். இனியா ஒத்துக்கொள்ளவில்லை.

"எம்புள்ளைக்குத் திருட்டுக் கொலுசு வேண்டாம்மா. நான் காசு குடுத்தே வாங்கிக்கறேன். ஊருக்குக் குடுக்கற மாதிரி எனக்கும் ஒண்ணு அப்பா கையால எடுத்துக் குடுக்கட்டும். அது போதும்."

"நம்ம கடைல வெளிநாட்டுக் கார்டு வாங்கறதில்லையே சாமி."

"வாங்க வையி" என்றாள்.

அப்போதுதான் நான் அந்தக் கணக்கைப் போட்டேன். இணையத்தில் கடை திறந்தால் அதற்கும் ஒரு போணி உண்டு அல்லவா? அந்தப் போணி என் மகளாக இருந்துவிட்டால்?

இவரைச் சம்மதிக்க வைப்பதில் பெரிய சிரமம் இருக்காது என்று நினைத்தேன். பினாங்கிலிருந்தும் லண்டனிலிருந்தும் வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். பணம் அனுப்ப வழியில்லாமல் ஊருக்கு வரும் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடுவார்கள், பாதி வியாபாரம் அப்படியே நழுவிவிடும். ஆடிட்டர் மதியழகனிடம் போவோம் என்றேன். முனகிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

மதியழகன் மூன்று வழிகளைச் சொன்னார். முதல் வழி, எங்கள் வங்கியிலேயே வணிகர் கணக்கு வாங்குவது. டெபாசிட் கட்ட வேண்டும், காகிதங்கள் கேட்பார்கள், வெளிநாட்டுக் கார்டுக்கு அனுமதி வர மாதக் கணக்கில் ஆகும். இரண்டாவது, பெங்களூர் கம்பெனி ஒன்று. நூற்றுக்கு மூன்று ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். வாங்குகிறவர் கார்டைப் போட்டதும் வியாபாரம் முடிந்தது, பணம் தானாகக் கணக்குக்கு வந்துவிடும். மூன்றாவது கம்பெனியிலும் ஏறக்குறைய அதே பிடித்தம். ஆனால் வாங்குகிறவரின் பணம் உடனே வராது, நடுவில் நிற்கும். யார், என்ன ஊர் என்று நாம் பார்த்துவிட்டு, போனில் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால்தான் வரும். ஐந்து நாளைக்குள் அழுத்தாவிட்டால் பணம் அவர்களுக்கே திரும்பிப் போய்விடும்.

"உங்களுக்கு ரெண்டாவதே போதுமுங்க. ஒரு தொந்தரவும் இல்ல" என்றார் மதியழகன்.

இவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "ஏனுங்க ஆடிட்டரே, பொருள அனுப்புன பொறகு, 'அது நான் வாங்கவே இல்லை'ன்னு கார்டுக்காரன் சொன்னா?"

"பேங்க்காரங்க விசாரிப்பாங்க. சில நேரம் பணத்தத் திருப்பி எடுத்துக்குவாங்க."

"அப்போ மொகந் தெரியாதவனோட காசு, என்னையக் கேக்காம என்ற கணக்குல வந்து உக்காரும். அப்புறம் என்னையக் கேக்காமயே எந்திரிச்சுப் போயிரும். அப்பிடித்தானுங்களே? எனக்கு இந்த வெளையாட்டே வேண்டாமுங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டார்.

எனக்குப் பதறிவிட்டது. இந்த மனிதர் இப்போது படியிறங்கினால் இன்னொரு முறை ஏற மாட்டார். "அப்பிடின்னா மூணாவதே இருக்கட்டுங்க. நீங்க பாத்து, உங்க கையால அழுத்துனாத்தானே காசு வரும்? அதுல என்ன பயம்?" என்றேன். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். பிறகு உட்கார்ந்தார். மூன்றாவதற்கே கையெழுத்துப் போட்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வரும் வழியில் அவருக்கு இளநீர்கூட வாங்கிக் கொடுத்தேன்.

கார்டில் என்ன பெயர் இருக்கிறது என்று இனியாவிடம் கேட்டேன். "இனியா கண்ணுசாமிதாம்மா. இங்க அப்பா பேரத்தான் கடைசிப் பேராப் போட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் நான் மாத்தல" என்றாள். வேண்டுமானால் ஜோஸ்வா கார்டில் போடு, சந்தேகம் வராது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அப்பா பெயரைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போயிருக்கும் மகளைப் பார்த்தால் எந்தக் கல்லும் கரையும் என்று நம்பினேன்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துத் திறந்தோம். தராசுக்குப் பொட்டு வைத்து, போனுக்கும் பொட்டு வைத்து, சூடம் காட்டினேன். அங்கே இன்னும் விடிந்திருக்காது. பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு இனியா காத்திருந்தாள். சூடம் அணைவதற்குள் போன் மணியடித்தது.

"அட, அதுக்குள்ளயா!" என்று சிரித்துக்கொண்டே இவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். குழந்தைக் கொலுசு ஒரு ஜோடி. ஊர் டப்ளின். பெயரைப் படித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் போனை மெதுவாகத் தராசுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். வாசலில் ஆத்தூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்து இறங்கியது. "வாங்க, வாங்க" என்று அவர்களிடம் போய்விட்டார்.

சரி, கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டேன். அன்று மாலை கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. எனக்குப் பொறுமை என்பது கடன் வாங்கினாலும் கிடைக்காத பொருள், ஆனாலும் இருந்தேன். மூன்றாம் நாள் சோறு போடும்போது கேட்டேன்.

"ஏனுங்க, அந்த முதல் ஆர்டரு என்னாச்சுங்க?"

"எந்த ஆர்டரு?"

"போணிங்க. போணி ஆளத் திருப்பக் கூடாதும்பீங்களே."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரசம் ஊற்றாத சோற்றை எதற்காக அப்படிப் பிசைய வேண்டும்? பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வேண்டாம்ன்னு சொன்னனா? 'வேண்டாம்'னு அழுத்தறதுக்கும் அதுல ஒண்ணு இருக்குது. அத நான் அழுத்துனனா? போணியத் திருப்பக் கூடாதுன்னுதானே தொடாம வெச்சிருக்கறேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் தேடித் தேர்ந்தெடுத்துக் கொடுத்த வழி அவருக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது! ஆம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் அவரை அடிக்க இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. ஆடிட்டர் சொன்ன இரண்டாவது கம்பெனியை வாங்கியிருந்தால் காசு அன்றைக்கே வந்து சேர்ந்திருக்கும். வந்த போணிக் காசை அவர் தள்ளியிருக்க மாட்டார். பொருளைக் கொடுத்தே ஆக வேண்டும்.

"பேத்திங்க அது. உங்கள அப்புச்சின்னு கூப்பிட வேண்டிய புள்ள. அதுக்கு என்னங்க தெரியும்?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போனபோது போன் கட்டிலில் கிடந்தது. யாருக்கோ பேசிவிட்டு அப்படியே போட்டிருந்தார், பூட்டவில்லை. எடுத்துத் திறந்தேன். அவள் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே பச்சையில் 'ஏற்கிறேன்' இருந்தது. என் கட்டைவிரலை அதற்கு மேலே கொண்டுபோனேன். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு அழுத்து, அவ்வளவுதான், காசு வந்துவிடும். கொலுசை நானே எடுத்துக் கட்டி அனுப்பிவிடலாம். ஆனால் அவள் கேட்டது அதுவா? திருட்டுக் கொலுசு வேண்டாம் என்றுதானே சொன்னாள். போனைக் கட்டிலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, எப்படியும் அழுத்திவிடுவார் என்று என் முட்டாள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

அவர் அழுத்தவில்லை. புதன்கிழமை நாங்கள் கடையில் இருக்கும்போது, பணம் திரும்பிப் போய்விட்டது என்று போனில் செய்தி வந்தது. பார்த்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முகத்தில் நிம்மதி தெரிந்தால் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது என்று மட்டும் தோன்றியது.

மதியத்துக்கு மேல் பினாங்கிலிருந்து யாரோ ஒரு அம்மா மணிக் கொலுசு ஒரு ஜோடிக்குக் கார்டு போட்டார். இவர் கண்ணாடி போட்டுப் பெயர் பார்த்தார், ஊர் பார்த்தார், விரலால் அழுத்தினார். போனை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"போணி ஆயிருச்சு வசந்தா" என்றார்.

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. கடைக்குப் பின்னால் மெருகு போடும் அறைக்குப் போய் நின்றேன். அங்கேதான் இனியாவின் அழைப்பு வந்தது.

"அம்மா, காசு திரும்பி வந்துருச்சு. என்ற பேங்க்ல கேட்டேன், கார்டுல ஒரு குத்தமும் இல்லைங்கறாங்க. நீங்க வாங்குன கம்பெனிலதான் என்னமோ கோளாறாட்ட இருக்குது. ஆடிட்டர்கிட்டச் சொல்லிப் பாக்கச் சொல்லு. இல்லன்னா ஜோஸ்வா கார்டுல இப்பவே போட்டுப் பாக்கட்டுமா?"

குரலில் அத்தனை அவசரம். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கம்பியிலும் கம்பெனியிலும்தான் கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஆமாம் சாமி, கோளாறுதான், சரிபண்ணச் சொல்றேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கு மறுபடியும் விடியாத நேரத்தில் எழுந்து உட்கார்ந்து கார்டைப் போடுவாள். மறுபடியும் ஐந்து நாள் காத்திருப்பாள்.

"போடாத சாமி" என்றேன். "இனி இங்க போடாத. சேலத்துல எத்தனையோ கடை இருக்குது."

அந்தப் பக்கம் பிள்ளை எதையோ தட்டி விளையாடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா பாத்தாராம்மா?"

"பாத்தாரு."

"என்ற பேரப் பாத்தாரா?"

"பாத்தாரு அம்மிணி."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நானும் சேர்ந்து திட்டலாம் என்று இருந்தேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு கேட்டாள்:

"மணி மூணாச்சே அங்க. அப்பா சாப்பிட்டாராம்மா?"

எட்டிப் பார்த்தேன். அவர் பினாங்குக் கொலுசைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். மதியச் சோற்றுத் தூக்குப்போசி திறக்காமல் பக்கத்தில் இருந்தது.

"இனித்தாஞ் சாமி" என்றேன்.