தொட்டிக்குள் மூன்று பேர்

அந்தச் சபையில் பெண்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது தொட்டிக்குள் போதகரோடு இன்னொரு பெண்ணும் நிற்பாள். போதகர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முதுகுக்குப் பின்னால் ஒரு கை, தோளில் ஒரு கை. மல்லாக்கச் சாய்த்து, முழுசாக முக்கி, தூக்கிவிட வேண்டும். அந்த இன்னொரு பெண் எப்போதும் லாண்டரி அக்காதான். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து அள்ளி அள்ளிக் கை இரண்டும் உரம் ஏறிப் போயிருந்தன. போதகருக்கு வயதாகிவிட்டது, வலது தோள் வேறு மக்கர் பண்ணும். ஆகவே பாரம் முழுக்க அக்கா கையில்தான். "அக்கா பிடிச்சா ஆனைகூட பயமில்லாம முங்கிடும்" என்று சபையில் கேலி பேசுவார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை உண்டு. இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

வியாழக்கிழமை மத்தியானம் போதகர் லாண்டரியின் பின்வாசலுக்கே வந்து நின்றார். உள்ளே வரமாட்டார், சலவைச் சோடா நெடி அவருக்கு ஆகாது.

"ஞாயித்துக்கிழமை ஒரு பொண்ணு ஞானஸ்நானம் எடுக்கிறாம்மா."

"எடுக்கட்டும் ஐயா. வெள்ளை அங்கியத் துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன்."

"யாருன்னு கேக்கலையே நீ?"

"யாரா இருந்தா என்ன ஐயா? எல்லாருக்கும்தானே?"

போதகர் செருப்பு நுனியைப் பார்த்தார். "வேன் ஓட்டுற பொண்ணு" என்றார்.

அக்காவுக்கு உலகத்தில் வேன் ஓட்டும் பெண் ஒருத்திதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், கம்பெனி வேனை ஓட்டிக்கொண்டு வந்து அவளுடைய தம்பி மேல் ஏற்றியவள். தம்பி மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவன். வேலை முடிந்து ரோட்டோரமாக நடந்து வந்திருக்கிறான். ஏற்றியதோடு அவள் விட்டாளா? போலீஸ்காரரிடம், "குடிச்சிட்டு வந்து குறுக்க விழுந்தான் சார்" என்றாள். அவர் குனிந்து மோந்து பார்த்தார். பாலிஷ் போடுகிறவன் மேல் ஸ்பிரிட் நெடி அடிக்காமல் ரோஜாப்பூ வாசமா அடிக்கும்? குடிகாரன் என்று எழுதிக் கேஸை மூடிவிட்டார்கள். ஒரு சொட்டு நாக்கில் பட்டறியாதவன். சாவு வீட்டுக்கு வந்தவர்கள்கூட, "என்ன பண்றது, குடி யாரை விட்டுது?" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். தம்பி செத்தது ஒரு துக்கம். அந்தப் பேச்சு இன்னொரு துக்கம், அது ஆறவே இல்லை.

"அவ எப்படி நம்ம சபைக்கு?"

"வேற தெருவுல நம்ம வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு மாசக்கணக்கா வர்றா. நீ இங்க இருக்கேன்னு அவளுக்கு நான் போன வாரம்தான் சொன்னேன். அழுதா. நீ சரின்னா சரி, இல்லேன்னா வேற ஆளைத் தேடிக்கலாம்."

"தண்ணியில இறக்காதீங்க ஐயா அவளை. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"தண்ணியா காப்பாத்துது? அவ என்னைக்கு நம்பினாளோ அன்னைக்கே ஆண்டவர் அவளைச் சேர்த்துக்கிட்டார். ஞாயித்துக்கிழமை அதை நாம கண்ணால பாக்கறோம். இதுல நீயோ நானோ தடுக்க ஒண்ணும் இல்லம்மா."

பற்றி எரிவதில் எண்ணெய் ஊற்றியது போல ஆயிற்று அவளுக்கு. "அப்ப நம்பினா போதும். கொன்னாலும் போதும், பொய் சொன்னாலும் போதும். என் தம்பி ஒருநாள்கூட இந்த வாசப்படி மிதிச்சதில்ல, ஞாயித்துக்கிழமையும் பட்டறையிலயே கிடந்தான். அவன் வெளிய. அவனைக் கொன்னவ உள்ள. இதானா ஐயா கணக்கு?"

"அவன் ரோட்டுல கிடந்த கடைசி நேரத்துல யாரைக் கூப்பிட்டான்னு எனக்குத் தெரியாது" என்றார் போதகர். "உனக்கும் தெரியாது. தெரியாத இடத்துல நான் கதவைச் சாத்த மாட்டேன்." போகத் திரும்பினார். "வேற ஆளைப் பாக்கறேன்."

"வேண்டாம்" என்றாள் அக்கா. "நானே நிக்கறேன்."

போதகரின் முகம் மலர்ந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடாத குறை. நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களுக்குச் சில நேரம் கண் கொஞ்சம் மந்தம்.

அக்காவுடைய கணவர் பூட்டு ரிப்பேர்க்காரர், ஆளைப் பார்த்ததும் உள்ளே எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே பிடித்துவிட்டார்.

"எதுக்கு ஒத்துக்கிட்ட?"

"தெரியல."

"தெரியாம தலையாட்டற ஆளா நீ? ஒரு பல்லைப் பிடுங்கறதுக்கே பத்து நாள் யோசிச்சவ."

அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

"மன்னிச்சிட்டியா அவளை?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அந்தத் தண்ணிக்குள்ள இறங்கறே?"

அவள் எழுந்து போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவினாள். ஞாயிறு வரைக்கும் மூன்று ராத்திரியும் கணவர் தூங்கவில்லை. அவள் என்னவோ நன்றாகத்தான் தூங்கினாள், அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

ஞாயிறு காலை. கூடம் முன்னொரு காலத்தில் டயர் குடோன். மேடைப் பலகைகளைத் தூக்கிவிட்டால் அடியில் சிமெண்ட் தொட்டி, மார்பளவு தண்ணீர். அக்கா முதலில் இறங்கினாள், பிறகு போதகர். தண்ணீர் சில்லென்று இருந்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

வேன்காரி படியில் வந்து நின்றாள். அக்கா மனதில் வைத்திருந்தது ஒரு கொழுத்த, திமிர் பிடித்த முகம். வந்தவள் ஒல்லிப்பிச்சான். தண்ணீரில் மிதக்காதிருக்க அங்கியின் ஓரத்தில் ஈயத்துண்டுகள் வைத்துத் தைத்திருக்கும். அந்தக் கனம்கூட அவளைக் கீழே இழுத்துவிடும் போலிருந்தது. இறங்கும் முன், ஞானஸ்நானம் எடுப்பவர் தன் கதையைச் சபைக்கு முன்னால் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அவள் சொன்னாள்.

"நான் வேன் ஓட்டுறேன். ஒருநாள் போன்ல பேசிக்கிட்டே ஓட்டி ஒருத்தர் மேல ஏத்திட்டேன். போலீஸ் வந்து கேட்டப்போ அவர் குடிச்சிருந்தார்னு சொன்னேன். அவர் குடிக்கல. ஓரமா, ஒழுங்காத்தான் நடந்து போனார். முந்தாநாள் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்துட்டேன். என்ன செய்வாங்களோ செய்யட்டும். அவரோட அக்காதான் இந்தத் தொட்டியில நிக்கறாங்க. எனக்கு இங்க வர எந்த யோக்கியதையும் கிடையாது. நம்பி வந்திருக்கேன், அவ்வளவுதான்."

எல்லாத் தலைகளும் அக்கா பக்கம் திரும்பின.

மூன்று வருஷமாக அக்கா பிச்சை கேட்டுக்கொண்டிருந்த வாக்கியம் அது. 'அவர் குடிக்கல.' கிடைத்துவிட்டது. கிடைத்ததும் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை. இத்தனை நாள் இதை மடியில் கட்டி வைத்திருந்துவிட்டு, இப்போது வந்து, எல்லார் எதிரிலும் கொட்டிவிட்டுத் தானும் சுத்தமாகிக் கிளம்பப் போகிறாள். அப்புறம் எனக்கு என்ன மிச்சம்? அவளுக்குள் ஏதோ கெட்டிப்பட்டது.

வேன்காரி இறங்கிப் பக்கத்தில் வந்தாள். பல் தந்தியடித்தது. "அக்கா, எனக்குத் தண்ணின்னா பயம்" என்றாள், இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"பிடிச்சுக்கறேன்" என்றாள் அக்கா. எல்லாரிடமும் சொல்வதுதான். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

போதகர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று நாமங்களையும் சொன்னார். சபை பாட ஆரம்பித்தது. அங்கே அது வழக்கம். ஆள் உள்ளே போகும்போது பாட்டு எடுப்பார்கள், முதல் வரி முடிவதற்குள் ஆள் மேலே வந்திருக்கும், இரண்டாவது வரியில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும். வேன்காரி கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தாள். அப்படியே சாய்ந்தாள், முழுப் பாரத்தையும் அக்காவின் கையில் போட்டு.

தண்ணீர் முகத்தை மூடியது. முதல் வரி முடிந்தது.

அக்காவின் கை எழும்பவில்லை, தோளில் இருந்த கை அமுக்கியபடியே இருந்தது.

போதகர் தன் பக்கம் தூக்கிப் பார்த்தார். தோள் ஒத்துழைக்கவில்லை. "அம்மா" என்றார் மெதுவாக. இரண்டாவது வரி தொடங்கியது. தண்ணீருக்கடியில் கண் இரண்டும் திறந்திருந்தன, அக்காவைத்தான் பார்த்தன. இப்போது நினைத்தால் போதும், இப்படியே நின்றால் போதும் என்று அக்காவுக்குத் தோன்றியது. வழுக்கிவிட்டது என்பார்கள். கால் ஒருமுறை உதைத்தது. பின்வரிசையில் பாட்டு நின்றுபோனது, பிறகு நடுவரிசையில். "அம்மா, தூக்கு!" என்றார் போதகர், குரல் உடைந்து.

வேன்காரியின் கை தண்ணீருக்குள் தடவித் தடவி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தது. கிள்ளவில்லை, பிறாண்டவில்லை. பயந்தவர்கள் எல்லாரும் பிடிப்பது போலத்தான் பிடித்தது. இந்தத் தொட்டியில் எத்தனையோ பேர் அப்படிப் பிடித்திருக்கிறார்கள், பிடித்த உடனே தூக்கித்தான் அக்காவுக்குப் பழக்கம். கை தானாக எழும்பியது. மனசு இளகித் தூக்கினாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை அது இல்லை. கைப்பழக்கம் தூக்கியது.

வேன்காரி மேலே வந்தாள். இருமினாள், தண்ணீரைக் கக்கினாள், மூச்சு சீறிக்கொண்டு உள்ளே போனது. முன்வரிசையிலிருந்து கணவர் எழுந்து நின்றுவிட்டார், முகம் வெளிறிப் போய். "என்னாச்சு? கால் வழுக்கிருச்சா?" என்று கேட்டார், கெஞ்சுகிற மாதிரி.

"ஆமா" என்றாள் அக்கா. "அவதான் வழுக்கிட்டா. நான் என்ன பண்ணுவேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. யோசிக்கக்கூட இல்லை. தொண்டையிலிருந்து எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஒருத்தியைச் சாகடிக்க இருந்துவிட்டு, பழியையும் அவள் தலையிலேயே போட்டாயிற்று. அன்றைக்கு ரோட்டில் வேன்காரிக்கும் பொய் இதே மாதிரிதான் வந்திருக்கும். இதே வேகத்தில்.

வேன்காரி மறுக்கவில்லை. இருமிக்கொண்டே நின்றாள். பேசாமல் விட்டால் முடிந்துவிடும். சபை நம்பிவிட்டது. கணவர் உட்கார்ந்துகூட விட்டார். யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள், பாட்டும் மெல்லத் திரும்பியது.

அக்கா கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்க" என்றாள். "அவ வழுக்கல. நான்தான் அமுக்கிப் பிடிச்சேன். வேணும்னேதான் பிடிச்சேன். அவ செத்திருந்தா இதையேதான் போலீசுக்கும் சொல்லியிருப்பேன்."

பாட்டு அப்படியே அறுந்தது. "ஐயோ" என்றார் கணவர். முன்வரிசையில் ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதை அக்கா பார்த்தாள். இத்தனை வருஷம் இவள் கையைப் புகழ்ந்தவள் அவள்.

அக்கா போதகர் பக்கம் திரும்பினாள். "நம்பினா போதும், யாரா இருந்தாலும் ஆண்டவர்கிட்ட இடம் உண்டுன்னு சொன்னீங்களே ஐயா. வேண்டாம் வேண்டாம்னு உங்ககிட்ட மல்லுக்கு நின்னேனே. இப்ப எனக்கு? இதே தொட்டியில நின்னு, இந்தக் கையால இப்படிப் பண்ணவளுக்கு? எனக்கு உண்டா?"

போதகர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாவம், மனுஷர் ஆடிப் போயிருந்தார்.

"உண்டுக்கா" என்றது ஒரு குரல்.

வேன்காரிதான். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சை எட்டிப் பிடித்துப் பிடித்துப் பேசினாள். "எனக்கே உண்டுன்னா, உங்களுக்கு இல்லாமப் போயிடுமா?"

எந்த வாயிலிருந்து வேண்டுமானாலும் அந்த வார்த்தை வந்திருக்கலாம். இந்த வாயிலிருந்து வர வேண்டாம் என்று அக்கா நினைத்தாள். ஆனால் அந்தக் கூடம் முழுக்க வேறு எந்த வாயும் திறக்கவில்லை. அவளுக்கு வேறு வழியும் இல்லை. அவள் கையில் இப்போது நல்ல பெயர் இல்லை, ஊழியம் இல்லை, தம்பியின் நியாயம்கூட இல்லை. வெறுங்கையோடு நின்று அதை வாங்கிக்கொண்டாள்.

படி ஏறப் பார்த்தாள், முடியவில்லை. தண்ணீருக்குள்ளேயே படியில் உட்கார்ந்து, தம்பி செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதாள். உடை மாற்றப் போக வேண்டிய வேன்காரி போகவில்லை. நடுங்கிக்கொண்டே வந்து, கொஞ்சம் இடம் விட்டு, அதே படியில் உட்கார்ந்தாள்.