பலகை முடிந்த இடம்

எங்கள் விலைத் துறையில் நாட்டின் விலைவாசி என்பது ஒரு மரப்பலகை. அதில் நிறைய ஆணி, ஆணிகளைத் தொட்டபடி ஒரு கறுப்பு நூல், நடுவில் ஒரு சிவப்புக் கோடு. நூல் கோட்டுக்கு மேலே எவ்வளவு ஏறுகிறதோ அந்த அளவுக்கு எங்களுக்கு அகவிலைப்படி. மாதாமாதம் ஏணியில் ஏறி நூலை இழுத்துக் கட்டுகிறவன் நான்.

போன வருடம் நூல் பலகையின் மேல்சட்டத்தில் முட்டிக்கொண்டது. அதற்கு மேல் ஆணி அடிக்க மரமில்லை.

"பரவாயில்ல, சட்டத்த ஒட்டியே கட்டு," என்றார் இயக்குநர்.

கட்டினேன். அதன்பின் நூல் மாதக்கணக்கில் நேர்கோடாக ஓடியது. விலைவாசி நிலைபெற்றுவிட்டது என்று துறையின் பொருளாதார ஆலோசகர் மாதாந்தரக் கூட்டத்தில் அறிவித்தார். அதற்கொரு தத்துவம் கண்டுபிடித்து, பெயரும் வைத்து, பதவி உயர்வும் வாங்கிக்கொண்டார். படித்த படிப்பு வீண்போகுமா?

எனக்கு வயிற்றெரிச்சல். அகவிலைப்படி நின்ற இடத்திலேயே நின்றது. வீட்டுக்காரரோ வாடகையை ஏற்றிக் கொடு, இல்லையென்றால் காலி செய் என்று வாசலில் நிற்கிறார். "கடைக்காரன் உங்க பலகையப் பாக்கலையா?" என்று மனைவி வேறு குத்துகிறாள்.

பொறுக்கமாட்டாமல் இயக்குநரிடம் போனேன். "சார், விலை நிக்கல. பலகைதான் முடிஞ்சுபோச்சு. பெரிய பலகை வேணும்."

"பலகை என்ன விலை விக்குது தெரியுமாய்யா? போன வருஷத்தவிட ரெண்டு மடங்கு!" என்றார். சொன்னது என்னவென்று அவருக்கே உறைக்கவில்லை.

ஆலோசகர் செலவில்லாத வழி சொன்னார். ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே உள்ள விலை மதிப்பை மூன்று மடங்காக்கி நூலை மறுபடி கட்ட வேண்டும். கட்டினேன். நூல் சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்து தொங்கியது. "கோட்டையும் கீழ இறக்கணுமே சார்," என்றேன். கோட்டைத் தொட விதியில் இடமில்லையாம்.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் வழக்கம்போல் பலகையை அண்ணாந்து பார்த்து, நூல் அங்கே இல்லாததால் கீழே தேடித் தலையைத் தாழ்த்தினார்கள். பிறகு ஒரே கைதட்டல். விலைவாசி பாதிக்கும் கீழே சரிந்தது என்று வானொலியில் செய்தி வந்தது. அகவிலைப்படி ரத்து என்று எங்களுக்கு உத்தரவு வந்தது.

அன்று மாலையே வீட்டுக்காரர் சிரித்த முகமாக வந்தார்.

"செய்தி கேட்டேன் தம்பி, ரொம்ப சந்தோஷம். விலையெல்லாம் பாதியாயிடுச்சாமே! இனிமே உங்க கையில நல்லா மிச்சம் நிக்கும். நான் கேட்ட வாடகைக்கு மேலயே கொஞ்சம் போட்டுக் குடுத்துடுங்க."