பங்காளியும் பனிமலையும்

மலைக்குப் பயணம் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் பார்ப்பது ஸ்வெட்டர் அல்ல. பங்காளி வகையறாவில் யாராவது படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்களா என்பதைத்தான். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது. அது பழநிக்கும் திருப்பதிக்கும்தானே, லடாக்கில் இருக்கிற புத்தருக்கு நம் தீட்டு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "மலைன்னா மலைதான்" என்று வாயை அடைத்துவிட்டார்கள். வகையறாவோ பெரிசு. ஒரு வருஷம் அரும்பாவூர்ப் பெரியப்பா போனார், அடுத்த வருஷம் சின்னத் தாத்தா. இரண்டு தடவையும் கட்டிய பெட்டியைப் பிரித்துத் துணியை பீரோவில் திரும்ப அடுக்கினேன். செத்தவர்களைத் திட்டக் கூடாதுதான். ஆனாலும் திட்டினேன்.

லடாக் மேல் அப்படி என்ன கிறுக்கு என்று கேட்பீர்கள். ஜெயங்கொண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சோறு போடுகிறேன், எனக்கென்று ஒன்று பிறக்கவில்லை. "புவனேஸ்வரி, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போது கேட்பதில்லை, பார்க்கிறார்கள். அது இன்னும் கொடுமை. ஒரு நாள் போனில் ஒரு வீடியோ வந்தது. மொட்டை மலை மேல் வெள்ளையாக ஒரு புத்தர் கோயில். ஒரு கிழவி கையில் ஜெப உருளையைச் சுற்றிக்கொண்டே கோயிலை வலம் வருகிறாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அங்கே போய் ஓரமாக உட்கார்ந்து, என்னை யாரென்றே தெரியாத மலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இந்த வருஷ மே லீவுக்கு எல்லாம் கூடி வந்தது. சிமெண்ட் ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிற என் வீட்டுக்காரர் குருமூர்த்தியும் லீவு வாங்கிவிட்டார். லே போய் இறங்கினதும் இரண்டு நாள் நடக்காமல் படுத்துக் கிடக்க வேண்டும், மூச்சு வாங்காமல் இருக்க டாக்டரிடம் மாத்திரை கேட்க வேண்டும் என்றெல்லாம் விசாரித்து வைத்தார். பங்காளி வீட்டுக்கெல்லாம் போன் போட்டு நலம் விசாரித்தார். "எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க புவனா, பயப்படாத" என்று சிரித்தார். மீன்சுருட்டி ராசாங்கத்துக்கு மட்டும் போன் போடவில்லை.

ராசாங்கம் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். ராசாங்கத்தின் மகள் கவியாவின் மஞ்சள் நீராட்டுக்குப் போயிருந்தோம். ஆரத்தித் தட்டை எடுக்கக் கை நீட்டினேன். ராசாங்கத்தின் மனைவி ஜானகி, "நீ இரு" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து ஒரு பிள்ளைக்காரியிடம் கொடுத்தாள். அத்தனை பேருக்கு முன்னால் நீட்டின கையோடு நின்றேன். பந்தியில் இருந்த இவர் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்தார். "இனிமே எனக்குப் பங்காளின்னு ஒருத்தனும் கெடையாது" என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதோடு அந்த வாசலை மிதிக்கவில்லை. எந்தப் புருஷன் செய்வான்? எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

டிக்கெட் கைக்கு வந்து, பெட்டி கட்டி வைத்த வாரம். காலையில் கவியா போன் செய்தாள்.

"சித்தப்பா, அப்பா போயிட்டாரு. கொள்ளி வைக்க நீங்கதான் வரணும்."

அவள் ஒரே பிள்ளை. இவர் வருகிறேன் என்று சொல்லாமலே போனை வைத்தார். "ஒறவே இல்லன்னு ஆயிடுச்சு. அப்புறம் தீட்டு ஏது? நாம கெளம்புறோம்" என்றார்.

சீ, அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். நடந்தது அதுதான், மறைத்து என்ன ஆகப் போகிறது? இந்தத் தடவை பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று மனசு துள்ளியது.

டீ போடலாம் என்று அடுப்பைப் பற்ற வைத்தேன். இவர் பின்னாலேயே வந்து அணைத்தார். "டீ வேணாம். கடையில இட்லி வாங்கியாரேன்." வாங்கி வந்து எனக்கு வைத்தார், தான் தொடவில்லை. உச்சி வேளையில் உலை வைக்கப் போனேன். சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அடுப்பப் பத்த வைக்காத புவனா."

எனக்குச் சுருக்கென்றது. பிணம் எடுக்கிற வரைக்கும் பங்காளி வீட்டில் அடுப்பு எரியாது. வாய் உறவில்லை என்கிறது, கை அடுப்பை அணைக்கிறது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பங்காளி இல்லன்னா அடுப்ப ஏன் அணைக்கிறீங்க? பங்காளின்னா இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

"எனக்கு நீச்சல் கத்துக் குடுத்ததே அண்ணன்தான்" என்றார். அவர் வாயிலிருந்து அண்ணன் என்று வந்து எத்தனையோ வருஷம். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "நீ எத்தன தடவதான் பெட்டியப் பிரிப்ப?" என்றார்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து இவரும் அந்த மலையைப் பார்ப்பார். ஆனால் கண்ணுக்குள் மீன்சுருட்டிச் சுடுகாடுதான் இருக்கும். எனக்காக ஒரு தடவை பாதி இலையில் எழுந்த மனுஷன். இன்னொரு தடவை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"எந்திரிங்க. பஸ்ஸு போயிடும்" என்றேன்.

மீன்சுருட்டியில் ஐஸ் பெட்டிக்குள் ராசாங்கம் இளைத்துக் கிடந்தார். இவரை வாசலில் உட்கார வைத்து மீசையை மழித்தார்கள். பெரியவர் ஒருவர், "கொள்ளி வைக்கறவரு வருசம் முடியற வரைக்கும் மலைப் பக்கம் எங்கயும் போயிடக் கூடாதுங்க" என்றார். இவர் என்னைத் தேடிப் பார்த்தார். நான் பார்க்காதது மாதிரி உள்ளே போய்விட்டேன்.

பெண்கள் ஜானகிக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்கள். கட்டிக்கொண்டு முறைக்கு நாலு சொட்டு விடலாம் என்றுதான் குனிந்தேன். அவள் தோளில் கை போட்டதுதான் தாமதம், உடைத்துக்கொண்டு வந்தது. ராசாங்கத்துக்காக இல்லை. லடாக்குக்காக அழுதேன். இந்த வருஷமும் இல்லை, இனி எந்த வருஷமோ என்று அழுதேன். என்னைப் பெற்றவள் செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. "யாராச்சும் தண்ணி குடுங்கடி" என்று பின்னால் ஒருத்தி சத்தம் போட்டாள்.

ஜானகி தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"அவரு மேல இம்புட்டுப் பாசத்த வச்சுக்கிட்டா இத்தன வருசம் வராம இருந்த?"

"ஆமாங்க்கா" என்று தலையாட்டினேன்.

அவள் என்னை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "ஏன்டி நான் அப்புடிப் பண்ணுனேன்" என்று கதறினாள். அதற்கப்புறம் நான் அழுதது யாருக்காக என்று எனக்கே தெரியாது.