ஒன்றாம் தேதி வரவு

ரீனா மஞ்சள் மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு, வங்கி அறிக்கையில் ஒரு வரியின் மேல் மெதுவாகக் கோடு இழுத்தாள். பக்கத்தைப் புரட்டி இன்னொரு வரி. அப்புறம் இன்னொன்று. கராடியில் இருந்த அந்த விசா ஆலோசனை அலுவலகத்துக்கு எத்தனையாவது தடவை வருகிறோம் என்பதே கிருஷ்ணப்ரியாவுக்கு மறந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காகிதம் குறைந்தது.

"மத்தது எல்லாம் டீக் இருக்கு மேடம்," என்றாள் ரீனா. கட்கியில் பிறந்து வளர்ந்தவள். வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக வடக்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். தமிழர்கள் வந்தால் மட்டும் இந்தி கலந்த வீட்டுத் தமிழை வெளியே எடுப்பாள். "கம்பெனி லெட்டர், காண்ட்ராக்ட், யூரோ வர்றது, எல்லாம் பக்கா. லேகின் இது என்ன? ஹர் மஹினா, மாசா மாசம் ஒண்ணாம் தேதி சார் அக்கவுண்டுக்குப் பெரிய அமௌண்ட் போகுது. எதுக்குன்னு போடற இடத்துல சேலரின்னு இருக்கு. சாருக்கு நீங்க சேலரி குடுக்கறீங்களா?"

கிருஷ்ணப்ரியாவின் பக்கத்து நாற்காலியில் இருந்த கணவன் கோவிந்தராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான். எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியைத் தவிர அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

கிருஷ்ணப்ரியா வீட்டிலிருந்தபடியே டப்ளின் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் கையேடுகள் எழுதுகிறவள். ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் அவள் கணவன் இருந்த டீமையே போன வருஷம் மழைக்கு முன்னால் கலைத்துவிட்டார்கள்; அவன் வேலை போனது. கோயம்புத்தூர் வீட்டுக் கடன் தவணை அவன் கணக்கிலிருந்துதான் பிடிபடும். அதற்காக முதல் மாதம் அவள் பணம் அனுப்பியபோது, எதற்கு என்று வங்கி ஆப் கேட்டது. விளையாட்டாக 'சேலரி' என்று அடித்தாள். அவன் போனைப் பார்த்துச் சிரித்தான். அன்று சாயங்காலம் வாகட் சந்தைக்குப் போய், சம்பள நாளில் வாங்குவதுபோலப் பெரிய மீனாக வாங்கி வந்தான். அடுத்த மாதம் ஆப் அந்த வார்த்தையைத் தானே நிரப்பிக்கொண்டது. அவள் மாற்றவில்லை. விளையாட்டு எந்த மாதத்தில் விளையாட்டாக இல்லாமல் போனது என்று அவளுக்குத் தெரியாது. தினமும் காலையில் குளித்து, லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு, அடுக்ககத்தின் கிளப்ஹவுஸில் போய் உட்கார்ந்து அவன் வேலை தேடினான். கோவையிலிருந்து அவன் அப்பா கூப்பிட்டால், "மீட்டிங்ல இருக்கறேங்ப்பா" என்றான். "அவருக்கு வேலை ஜாஸ்திங்க மாமா" என்று சொல்ல அவளும் பழகிவிட்டாள். அவள் வருமானத்தைக் காட்டிப் போர்ச்சுகல் போய்விடலாம் என்ற யோசனை வந்ததே இந்தக் களைப்பில்தான். யாருக்கும் தெரியாத ஊரில் யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

"எம்பஸியில இத ரெண்டு விதமா நினைப்பாங்க," என்றாள் ரீனா. "நீங்க ஏதோ பிசினஸ் நடத்தறீங்க, சார் உங்க ஸ்டாஃப். இல்லன்னா, உங்க இன்கம் உங்ககிட்ட நிக்கறதில்ல. ரெண்டுமே நமக்கு கராப். சார் ஒரு அஃபிடவிட் குடுத்துடட்டும். எனக்கு இன்கம் இல்ல, ஒய்ஃப்தான் பாத்துக்கறாங்கன்னு. நோட்டரி பண்ணி இன்னிக்கே அனுப்புனா நாளைக்கு ஃபைல் போயிடும்."

"அப்படித்தான் எழுதணுமா? வீட்டுச் செலவுன்னு நானே ஒரு லெட்டர் குடுத்தா…"

"சார் இப்ப கமாய்க்கறாரா, சம்பாத்தியம் இருக்கா, இல்லையா மேடம்?"

ரீனா குத்திக் காட்டக் கேட்கவில்லை. அவளுக்கு ஃபைல் நகர வேண்டும், அவ்வளவுதான்.

"இல்லைங்க," என்றான் கோவிந்தராஜ், கண்ணாடியைப் பார்த்தபடியே. "நீங்க டைப் பண்ணுங்க."

சிவாஜிநகர் கோர்ட்டுக்குப் போகிற வழியில் கார் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. டிரைவருக்குத் தமிழ் தெரியாது என்பது மட்டுமே ஆறுதல்.

"ஏனுங்க, வேண்டாம்னா விட்டுடலாம்."

"விட்டுட்டு?"

ஒரு பாலம் தாண்டியபின் அவனே பேசினான்.

"அந்த வார்த்தைய நீ மாத்தியிருக்கலாம், ப்ரியா."

"சும்மா சிரிக்கறதுக்குத்தானுங்க போட்டேன்."

"மொதல் மாசம் சிரிப்புத்தான். அப்புறம் ஒண்ணாம் தேதி ஆச்சுன்னா, மெசேஜ் எப்ப வரும்னு காலைல இருந்தே பாத்துட்டு உக்காந்திருப்பேன். ஒரு மாசம் நீ சாயங்காலமா அனுப்புன. அன்னிக்குப் பூரா சோறு எறங்கல. உன்கிட்ட கேக்கவும் முடியல."

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. டப்ளினில் ஏதோ விடுமுறை. அவள் பணமே தாமதமாகத்தான் வந்தது. சொன்னால் அவன் பயந்துபோவான் என்று அவள் சொல்லவில்லை. இப்போது சொல்ல நினைத்தாள். அசதியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோர்ட்டுக்கு வெளியே, தகரக் கூரையின் கீழ் நோட்டரி வக்கீல் உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போடுகிறவருக்குப் படித்துக் காட்டுவது தன் கடமை என்று இந்தியில் சொல்லிவிட்டு, பக்கத்து மேஜைக்காரர்களுக்கும் கேட்கும் குரலில் மொழிபெயர்த்துக்கொண்டே படித்தார். எனக்குச் சொந்த வருமானம் ஏதும் இல்லை. என் செலவுகள் அனைத்தையும் என் மனைவியே ஏற்கிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, புரிந்ததா என்று நிமிர்ந்து பார்த்தார். கோவிந்தராஜ் ஒவ்வொரு முறையும் தலையாட்டினான். தொழில் என்ற இடம் காலியாக இருந்தது. என்ன எழுதட்டும் என்று கேட்டார். என்ஜினியர் என்று சொல்லக் கிருஷ்ணப்ரியா வாயெடுத்தாள்.

"வீட்டில் இருக்கிறேன்," என்றான் அவன், இந்தியில், தெளிவாக.

வக்கீல் எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தட்டினார். முத்திரை விழுந்தது. அவள் அதைப் போட்டோ எடுத்து ரீனாவுக்கு அனுப்பினாள். 'குட். பாக்கலாம்' என்று பதில் வந்தது. விசா கிடைக்கும் என்று ரீனா ஒருநாளும் சொன்னதில்லை.

வெளியே டீக்கடையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு கிருஷ்ணப்ரியா திரும்பியபோது அவன் போனைக் கையில் எடுத்திருந்தான்.

"அப்பாகிட்ட பேசிட்டு வந்தர்றேன்."

"என்னன்னு சொல்லப் போறீங்க?"

"தெரியல."

இங்கே சத்தமாக இருக்கிறது என்று சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனான். அங்கேயும் அதே சத்தம்தான். இரண்டு காகிதக் கோப்பைகளும் விரலைச் சுட, அவள் நின்று பார்த்தாள். அவன் உதடுகள் அசைந்தன. ஒரு கை காற்றில் எதையோ விளக்கியது. மீட்டிங் என்று சொல்ல இவ்வளவு நேரம் ஆகாது. நடுவில் ஒரு பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பஸ் நகர்ந்தபோது அவன் பேசிக்கொண்டிருக்கவில்லை. போனைக் காதோடு அழுத்தி, இன்னொரு கையால் நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது.