மதியத்துக்கு மேல் ஏறிய பாட்டு

வேலை முடிந்து வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"சூப்பர்வைசர் உனக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."

"எனக்கா? எதுக்கு?"

"உன் படிப்பு அவங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சாம்."

தங்கை சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள் அக்கா. மணிக்கட்டு வீங்கி, வளையல் சதைக்குள் அழுந்தியிருந்தது.

தங்கை பல்கலைக்கழகத்தில் இசை உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஒரு மனிதரை என்ன செய்கிறது, பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது அந்தப் பத்துப் பேருக்குள் என்ன நடக்கிறது என்பதெல்லாம்தான் படிப்பு. அவள் சேர்ந்த புதிதில் அக்கா கேலி செய்தாள். "பாட்டுக் கேக்கறதுக்கெல்லாம் பட்டம் குடுக்கறாங்களா? அப்படின்னா எங்க ஹால்ல இருக்கற நாப்பத்திரண்டு பேரும் டாக்டருங்கதான்."

அந்தக் கேலியிலிருந்துதான் தங்கைக்கு ஆய்வுக்கான யோசனையே பிறந்தது. அக்கா வேலை பார்த்தது ஒரு பார்சல் நிறுவனத்தின் பேக்கிங் ஹாலில். அட்டையை மடித்துப் பெட்டியாக்கி, பொருளை வைத்து, மேலே டேப்பை இழுத்து ஒட்டி, உருளைகள் மேல் தள்ளிவிட வேண்டும். தூணில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அதற்குக் கீழே கயிற்றில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. யார் முறையோ அவர் தனக்கு வேண்டிய பாட்டை அதில் எழுதுவார். துக்கப் பாட்டாக எழுதித் தள்ளும் ஒருத்தியை எல்லோரும் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே கூடவே பாடுவார்கள்.

தங்கை மூன்று வாரம் அந்தத் தூணோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டின் வேகத்தையும் அந்த நேரத்தில் மூடப்பட்ட பெட்டிகளையும் குறித்தாள். நாற்பத்திரண்டு பெண்களிடமும் பேசினாள். வேகமான பாட்டுக்குக் கைகள் வேகமாக ஓடின, உண்மைதான். ஆனால் அவள் கண்டுபிடித்தது அதுவல்ல. தாங்களே தேர்ந்தெடுத்த பாட்டு என்றால், மெதுவான பாட்டாக இருந்தாலும் சாயங்காலம் அவர்களுக்கு அலுப்பு குறைவாக இருந்தது. தன் முறை வரும் நாளில் யாருமே விடுப்பு எடுக்கவில்லை. இதைத் தனி அத்தியாயமாக எழுதி, எண்களோடு சேர்த்துத் தன் வழிகாட்டியான பேராசிரியரிடம் கொடுத்தாள்.

"நோட்டை எடுத்துட்டாங்க. ஒரு மாசமாச்சு" என்றாள் அக்கா, கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு. "இப்ப பாட்டே இல்ல, வெறும் இசை. காலைல மெதுவா போகுது. சாப்பிட்டு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. நமக்கே தெரியாம கை ஓடுது. நின்ன பிறகுதான் வலி தெரியுது."

"ஒரு மாசமா ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அதையும் எழுதிக்கிட்டுப் போயிடுவே."

மறுநாள் காலை பேராசிரியரின் அறைக்குப் போனபோது அவர் உற்சாகமாக இருந்தார். கட்டுரை ஒரு நல்ல ஆய்விதழுக்குப் போகத் தயாராக மேசை மேல் இருந்தது. அவர் பெயருக்கு அடுத்து தங்கையின் பெயர். அவள் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். வேகம், பெட்டி, வேகம், பெட்டி. பெண்கள் பேசியதில் ஒரு வரி இல்லை.

"பாட்டைத் தேர்ந்தெடுக்கறது பத்தின அத்தியாயம் எங்க சார்?"

"அது சுவாரசியமா இருந்துச்சும்மா. ஆனா அது அனுபவம், அளவு இல்ல. எண்கள்தான் நிக்கும்."

"நாப்பத்திரண்டு பேர் சொன்னது நிக்காதா?"

"ரெண்டாவது கட்டுரையா போடலாம்."

"கம்பெனிக்கு இதைக் குடுத்தது யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உள்ளே விடறதுக்கு அனுமதி குடுத்தவங்க அவங்க. முடிவைக் கேட்டா குடுக்காம இருக்க முடியுமா? அதை எப்படிப் பயன்படுத்தறாங்கங்கறது நம்ம கையில இல்ல."

"எங்க அக்கா கையில இருக்கு சார். வீங்கிப் போய் இருக்கு."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். நல்ல டாக்டர் ஒருவரின் பெயரைச் சொன்னார். அந்த வருத்தம்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். நோட்டை எடுத்தவர்கள் மேலும் கோபம், பேராசிரியர் மேலும் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக, முக்காலியில் உட்கார்ந்து அவர்களோடு சிரித்துச் சிரித்துக் குறிப்பெடுத்த தன் மேல்தான் கோபம்.

பையில் ஒப்புதல் படிவத்தின் நகல் ஒன்று இருந்தது. ஒவ்வொருத்தியிடமும் கையெழுத்து வாங்குவதற்கு முன் அவளே வாசித்துக் காட்டிய படிவம். நான்காவது வரி: கட்டுரை வெளியாவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், என் தகவலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நாற்பத்திரண்டு முறை வாசித்திருக்கிறாள். ஒருமுறைகூட அது காதில் விழுந்ததில்லை.

திரும்பப் பெறும் படிவங்களை அச்சடித்துக்கொண்டு, மாலையில் வேலை முடிகிற நேரத்துக்கு நிறுவனத்தின் வாசலில் போய் நின்றாள். பெண்கள் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். துக்கப் பாட்டுக்காரி மட்டும் நின்றாள்.

"அன்னைக்கும் கையெழுத்து கேட்டே. இன்னைக்கும் கையெழுத்தா?"

"அன்னைக்கு வாங்கினதைத் திருப்பிக் குடுக்கத்தான் வந்திருக்கேன்."

"திருப்பிக் குடுத்தா நோட்டு திரும்பி வருமா?"

"வராது. ஆனா உங்க கையை வெச்சு எழுதினது எங்கயும் வெளியாகாது. வேற கம்பெனிக்காரன் படிச்சுட்டு அவன் ஹால்லயும் இதையே செய்ய மாட்டான்."

"நீ படிச்சவ. நாளைக்கு வேற எதையாவது எழுதுவே. நாங்க இங்கயேதான் நிக்கணும்."

தங்கை படிவத்தை நீட்டினாள். "தப்பு என்னுதுதான்" என்றாள். துக்கப் பாட்டுக்காரி பேனாவை வாங்கி, சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. அந்த வாத்தியார் பேருக்குக் கீழ என் கை வேண்டாம், அதான்."

நான்கு நாள் தினமும் வந்து நின்றாள். இரண்டாம் நாள் சூப்பர்வைசர் காவலாளியை அனுப்பி அவளைச் சாலையின் மறுபக்கத்துக்குத் தள்ளச் சொன்னார். அவள் மறுபக்கம் போனாள். பெண்கள் சாலையைக் கடந்து வந்தார்கள். நான்காம் நாள் முடிவில் முப்பத்தாறு படிவங்கள் சேர்ந்தன.

அக்காவின் படிவம் மட்டும் வீட்டுச் சமையல் மேடையில் அப்படியே கிடந்தது. "வேலை போயிடுச்சுன்னா?" என்று கேட்டுவிட்டு அதன் மேலேயே டம்ளரை வைத்தாள். ஐந்தாம் நாள் காலையில் தலை வாரச் சீப்பை எடுத்தவளால் அதைப் பிடிக்க முடியவில்லை. சீப்பைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு, டம்ளரை நகர்த்தி, இடது கையால் கிறுக்கினாள்.

"இது செல்லுமா?"

"செல்லும்."

முப்பத்தேழு பேரின் தகவல் போனதும் கட்டுரையில் எதுவும் மிஞ்சவில்லை. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழு தங்கையைக் கூப்பிட்டது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். பேராசிரியரும் இருந்தார். பங்கேற்பாளர்களை அவள் தூண்டிவிட்டதாகக் குற்றச்சாட்டு.

"நான் தூண்டிவிடல. சார் எழுதின படிவத்தைத்தான் வாசிச்சுக் காட்டினேன்" என்றாள். "முதல் தடவை வேகமா வாசிச்சேன். இந்தத் தடவை மெதுவா வாசிச்சேன்."

அதற்குள் ஆய்விதழுக்குப் போயிருந்த கட்டுரையைத் திரும்பப் பெறக் குழு சொன்னது. நிறுவனத்துக்கு அறிக்கை கொடுத்தது பற்றிப் பேராசிரியரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. அவர் இனி தங்கைக்கு வழிகாட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். வேறு வழிகாட்டியோடு ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. தங்கைக்கு ஒரு வருட உழைப்பு வீணாயிற்று.

நிறுவனம் எதையும் திரும்பப் பெறவில்லை. அதற்கு ஆய்விதழ் தேவைப்படவில்லை. ஆனால் குழு கூடி இரண்டு வாரம் கழித்து, மதியம் இசை ஏறத் தொடங்கியதும் துக்கப் பாட்டுக்காரி டேப்பைக் கீழே வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாளாம். பக்கத்தில் இருந்தவளும் நின்றாள். வரிசை முழுக்க நின்றது. சூப்பர்வைசர் ஓடிவந்து, இது நிற்கிற நேரமில்லை என்றாராம். இது கேட்கிற பாட்டும் இல்லை என்று அக்கா சொன்னாளாம். மூன்றாம் நாள் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள்.

"இப்ப ஒண்ணுமே இல்ல" என்றாள் அக்கா. "டேப் கிழியற சத்தம் மட்டும்தான். முன்னாடி நாங்க கேட்ட பாட்டாவது இருந்துச்சு."

கையில் கட்டோடு, ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை எதிர் முனையைப் பிடித்தாள்.

"உனக்கு ஒரு வருஷமே போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அந்த வாத்தியார் மேல இன்னும் கோவமா?"

"ஆமா."

"எனக்கு உம்மேலயும் இருக்கு" என்றாள் அக்கா. "முனையை இழுத்துப் பிடி. சுருங்குது பாரு."